கருவியும் கையும்: குமரி மாவட்ட அறிவியல், பொறியியல் கல்வியில் புதிய தொழில்நுட்பங்களின் இடம்

1. கேள்வி

நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இந்தியாவின் உயர்தொழில்நுட்பம் பலவும் அடங்கிவிடுகிறது. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சியில் அருமணல் ஆலை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மிக உயர்ந்த எழுத்தறிவு விகிதம் (91.75 விழுக்காடு) குமரி மாவட்டத்தினுடையது. கல்வி நிலையங்களுக்கும் குறைவில்லை. 1893இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, கோணத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், தனியார் பொறியியல் கல்லூரிகள் என வரிசை நீளமானது.

இத்தகைய ஓர் இடத்தில் அறிவியல், பொறியியல் கல்விக்குள் புதிய தொழில்நுட்பங்கள் வேகமாக நுழைந்துகொண்டிருக்கின்றன. இணையவழிப் பாடம், மெய்நிகர் ஆய்வகம், மலிவான உணரிக் கருவி, செயற்கை நுண்ணறிவு ஆகிய நான்கையும் முதன்மையானவையாகக் கொள்ளலாம். இவை செய்முறைக் கல்வியை வலுப்படுத்துமா, அல்லது அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பொதுவாக இக்கேள்வி, கருவி வாங்கப் பணம் உண்டா, இணைய வசதி உண்டா என்ற அளவிலேயே பேசி முடிக்கப்படுகிறது. எழுத்தறிவும் கல்லூரிகளும் நிறைந்த குமரி மாவட்டத்தில் சிக்கல் அதைவிட ஆழத்தில் இருக்கிறது என்பது என் வாதம். எதை மதிப்பிட்டு மதிப்பெண் தருகிறோம் என்பது மாறாதவரை, எந்தக் கருவி வந்தாலும் கற்றல் மாறாது.

2. முன்னர் வந்த கருவிகள்

கல்வியை ஒரே அடியில் மாற்றிவிடும் என்ற நம்பிக்கையுடன் கருவிகள் வருவது புதிதன்று. திரைப்படம் வந்ததும் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று தாமஸ் எடிசன் 1913இல் சொன்னார். வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகியவை குறித்தும் இதேபோன்ற கணிப்புகள் எழுந்தன. அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். கருவிகள் பெரும் ஆரவாரத்துடன் வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் ஆசிரியரின் அன்றாட வேலைக்கு எது பொருந்தியதோ அதுவே நிலைத்தது என்பது அவருடைய முடிவு.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. கல்விக்கென்றே இந்தியா உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான எடுசாட் 2004 செப்டம்பர் 20 அன்று ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில் சென்றது. நாடெங்கும் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அலைவாங்கிகள் நிறுவப்பட்டன. 2010இல் அதன் பணிக்காலம் முடிந்தது. தமிழக அரசு 2011 முதல் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து, விரும்பியவர், விரும்பாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா ஆசிரியரையும் இணையவழிக்குத் தள்ளியது.

இவற்றைத் தோல்விகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் கையில் ஒரு மடிக்கணினி இருந்தது சிறிய செய்தியன்று. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இதற்கு இன்னொரு சான்று. ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இத்திட்டத்தால், முன்பு நுழைவுத் தேர்வில் வென்றவர்கள் மட்டும் கேட்ட விரிவுரைகளை இன்று தக்கலையிலோ குளச்சலிலோ உள்ள மாணவரும் கேட்கலாம். ஆயினும் இத்திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவை பாடத்தைக் கொண்டுசேர்த்தன, செய்முறையைக் கொண்டுசேர்க்கவில்லை. புதிய அலையின் தனித்தன்மை இங்கேதான் தொடங்குகிறது. மெய்நிகர் ஆய்வகங்களும் உணரிக் கருவிகளும் முதன்முறையாகச் செய்முறையையே மாற்றப் பார்க்கின்றன.

3. ஆய்வுகள் காட்டுவது

கருவி கற்றலை மாற்றுமா என்பது பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கருவி கற்றலைத் தீர்மானிப்பதில்லை, கற்பிக்கும் முறையே தீர்மானிக்கிறது என்பது ஒரு கட்சி. ரிச்சர்டு கிளார்க் 1983இல் முன்வைத்த இந்த வாதம் இன்றும் வலுவாக நிற்கிறது. சில கருவிகள் வேறு எந்த வகையிலும் கிடைக்காத கற்றல் வாய்ப்பைத் தருகின்றன என்பது மறுகட்சி.

மறுகட்சிக்கு வலுச்சேர்க்கும் சான்று ஒன்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான பல்பு, கம்பி, மின்கலம் கொண்டு மின்சுற்றுப் பாடத்தைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் ‘ஃபெட்’ என்னும் கணினி உருவகத்தில் அதையே செய்தார்கள். பின்னர் இரு பிரிவினரையும் உண்மையான மின்சுற்றை அமைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னபோது, கணினியில் பழகியவர்களே மேம்பட்டு நின்றார்கள். ஃபின்கெல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2005இல் இதை வெளியிட்டனர். கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தை உண்மைச் சுற்றில் கண்ணால் காண முடியாது; உருவகத்தில் காண முடிந்தது. வேறுபாட்டுக்கு இதை ஒரு காரணமாகக் கருதலாம்.

இந்த ஒரு முடிவை வைத்து ஆய்வகத்தையே மூடிவிடலாம் என்று முடிவுகட்டுவது பிழை. டி ஜாங், லின், ஸகாரியா மூவரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். உண்மை ஆய்வகத்துக்கும் மெய்நிகர் ஆய்வகத்துக்கும் தனித்தனி வலிமை உண்டு. இரண்டையும் பொருத்தமாகச் சேர்க்கும்போது பயன் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இன்னொரு சான்று உண்மை ஆய்வகத்தைப் பற்றியது. நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் முதலியோர் மூன்று கல்வி நிறுவனங்களின் ஒன்பது இயற்பியல் பாடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வகுப்பில் சொன்ன விதியை ‘சரிபார்ப்பதற்காக’ நடத்தப்படும் ஆய்வகம், அந்த விதியைப் பற்றிய தேர்வு மதிப்பெண்ணை அளவிடத்தக்க வகையில் உயர்த்தவில்லை. வீமன் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர், செய்முறையை மதிக்காதவரல்லர். ஆய்வகத்தில் மாணவர் தாமே முடிவெடுக்க வேண்டும், அளவீட்டை ஐயுற வேண்டும், மீண்டும் அளக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. ஆக, மெய்நிகர் ஆய்வகத்தை எதிர்த்து நாம் காக்க நினைக்கும் உண்மை ஆய்வகமும் இன்றைய வடிவில் குறையுடையதே.

4. எதற்கு உருவகம், எதற்குக் கை

இந்தச் சான்றுகளை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க ஒரு வகைப்பாடு தேவைப்படுகிறது. செய்முறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது தெளிவு தரும்.

முதல் வகை, எந்தக் கல்லூரியாலும் செய்ய முடியாதவை. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எந்திரத்தில் நீர்ம ஆக்சிஜன் ஏறத்தாழ மைனஸ் 183 பாகையிலும் நீர்ம ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகையிலும் இருக்கும். உள்நாட்டில் உருவான இத்தகைய எந்திரத்துடன் ஜி.எஸ்.எல்.வி. முதல் வெற்றியைக் கண்டது 2014 ஜனவரி 5 அன்று. கூடங்குளத்து அணுஉலையின் உட்புறமும் இப்படித்தான். இவற்றைக் கற்க உருவகமே வழி. இங்கே மெய்நிகர்க் கருவியை எதிர்ப்பதில் பொருளில்லை.

இரண்டாம் வகை, கையால் மட்டுமே படியும் திறன்கள். பற்றவைப்பு, கடைசல், டைட்ரேஷனில் நிறம் மாறும் துளியைப் பிடிப்பது, வெர்னியர் படிப்பது, பழுதான சுற்றில் பிழை தேடுவது ஆகியவை இதில் அடங்கும். திரையில் சுட்டியை நகர்த்தி ஒருவர் பற்றவைப்பாளர் ஆகிவிட முடியாது. பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களின் பிழைப்பே இந்தத் திறன்களில் இருக்கிறது. செலவைக் குறைக்க இந்த வகையில் மெய்நிகர் ஆய்வகத்தைப் புகுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மூன்றாம் வகைதான் பெரியது. அக்கறையுடன் பேசப்பட வேண்டியதும் அதுவே. கல்லூரியில் செய்யக்கூடியவை, ஆனால் உருவகத்தில் முன்கூட்டிப் பழகினால் இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவை இதில் சேரும். காற்றாலையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் நெருக்குண்டு வேகமெடுப்பதால்தான் ஆரல்வாய்மொழிப் பகுதி காற்றாலைகளின் இடமாயிற்று. காற்றிலிருந்து கிடைக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் நொடிக்கு 6 மீட்டரிலிருந்து 9 மீட்டராக உயர்ந்தால், திறன் ஒன்றரை மடங்காகாமல் 3.4 மடங்காகும். காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. இவற்றைக் கணினி உருவகத்தில் அரை மணி நேரத்தில் புரியவைக்கலாம். பிறகு, ஒரு காற்றுவேகமானியைக் கல்லூரி மாடியில் வைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை மாணவர்களே பதிவெடுத்து, அதே கணக்கைத் தங்கள் ஊர்க் காற்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். உருவகம் விதியைக் காட்டும். பதிவு, விதியிலிருந்து உண்மை எங்கே விலகுகிறது என்று காட்டும். பொறியாளர் உருவாவது அந்த இரண்டாவது இடத்தில்.

5. 9.78: ஓர் ஊசலின் சாட்சியம்

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காண்பது நம் மாணவர்கள் அனைவருக்கும் அறிமுகமான செய்முறை. ரெக்கார்டு நோட்டில் விடை 9.8 என்று முடிய வேண்டும். துல்லியம் விரும்புகிறவர் 9.81 என்பார். விடை வேறாக வந்தால், எண்களைப் பின்னோக்கித் திருத்தி 9.8க்குக் கொண்டுவரும் வழக்கம் மாணவர், ஆசிரியர் இருவரும் அறிந்தது.

நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.2 பாகையில் இருக்கிறது. பூமியின் சுழற்சியாலும் நடுப்புடைப்பாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு முடுக்கம் குறையும். அகலாங்கைச் சார்ந்த பொதுச் சூத்திரத்தின்படி கடல் மட்டத்தில் இவ்வூரின் மதிப்பு ஏறத்தாழ 9.78. ஆகவே நேர்மையாக, நுட்பமாக அளந்த நாகர்கோவில் மாணவருக்கு 9.81 வரக் கூடாது. பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல் தென்னமெரிக்காவின் கயானில் தம் ஊசல் கடிகாரம் பாரிஸில் ஓடியதைவிட மெதுவாக ஓடக் கண்டார். கயானும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்தான். அவர் அந்த விலகலைத் திருத்தி மறைக்காமல் பதிந்துவைத்தார். பூமி முழுக்கோளமன்று என்று வாதிட நியூட்டனுக்கு அது சான்றாயிற்று.

இந்த வேறுபாட்டை நம் மாணவர் காண முடியுமா? ஒரு மீட்டர் ஊசலில் 9.81க்கும் 9.78க்கும் இடையிலான வேறுபாடு அலைவு ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி. ஐம்பது அலைவுகளுக்கு 0.15 நொடி. நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே அந்த அளவுக்கு வந்துவிடும். இங்கேதான் புதிய கருவியின் பயன் தெரிகிறது. டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் உருவான ‘எக்ஸ்பைஸ்’ போன்ற கருவியைக் கணினியில் செருகி, ஊசலின் பாதையில் ஓர் ஒளித்தடை வைத்தால், மில்லிநொடிக்கும் குறைந்த துல்லியத்தில் காலத்தை அளக்கலாம். அதன் விலை சில ஆயிரம் ரூபாய். வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவை. திறன்பேசியிலுள்ள உணரிகளைச் செய்முறைக்குப் பயன்படுத்த, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி விலையின்றிக் கிடைக்கிறது. ஊசலின் நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, வீச்சைச் சிறிதாக வைத்தால், 9.78 எட்டக்கூடிய விடைதான்.

ஆனால் 9.8 வந்தால்தான் மதிப்பெண் என்றிருக்கும் தேர்வில் இந்தக் கருவி மாணவருக்குத் தொல்லையாகவே முடியும். மேல்நிலைத் தேர்வில் அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20ஐயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ முழுமையாகக் கொடுத்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது. அதன் விளைவாக, செய்முறையில் கவனம் செலுத்தியவருக்கும் செலுத்தாதவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. கல்லூரியிலும் இதே பழக்கம் தொடர்கிறது. பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய மாணவரின் கையில் மெய்நிகர் ஆய்வகத்தைக் கொடுத்தால், அவர் அதன் திரைப்பிடிப்பை ஒட்டித் தருவார். செயற்கை நுண்ணறிவைக் கொடுத்தால், ரெக்கார்டையே அது எழுதித் தரும். கருவி மாறும், நகலெடுப்பு தொடரும்.

6. செயற்கை நுண்ணறிவு: இருமுகச் சான்று

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றிய ஆய்வுகள் இந்த வாதத்தையே உறுதிசெய்கின்றன. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. உரையாடியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேம்பட்டார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்கள் வடிவமைத்த உரையாடியில் இந்தப் பாதிப்பு பெரிதும் தணிந்தது. மறுபுறம், ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பு ஒன்றில், கவனமாக வடிவமைக்கப்பட்ட உரையாடியிடம் படித்தவர்கள் வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றதாக 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகும்: இத்தகைய கருவியின் பயன் அதைக் கற்றலுக்காக வடிவமைக்கும் ஆசிரியரின் உழைப்பில் அடங்கியிருக்கிறது.

7. மொழி

கருவியும் ஆசிரியரும் அமைந்தாலும், பாடம் எந்த மொழியில் இருக்கிறது என்ற கேள்வி எஞ்சும். குமரி மாவட்டத்தைச் சேர்ந்த இருவர் அண்மையில் இஸ்ரோவின் தலைவரானார்கள். மேல சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்று, சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் விண்வெளிப் பொறியியலும் கற்றார். 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்பேற்ற வி. நாராயணனும் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். காரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் பொறியியல் பயின்றவர். தொழில்நுட்ப வசதி இல்லாமலே இவர்கள் உயர்ந்தார்களே என்று இவ்வாழ்க்கைகளைக் காட்டுவோர் உண்டு. இரண்டு அரிய மனிதர்களைக் கொண்டு பொதுவிதி காண முடியாது. எனினும் இருவருக்கும் பொதுவானவை இரண்டு: தாய்மொழியில் அமைந்த அடிப்படை, பின்னர் கிடைத்த மிகச் சிறந்த ஆய்வகங்கள். இந்த இரண்டாவது வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. அதைப் பலருக்கும் பரப்ப முடியுமா என்பதே புதிய தொழில்நுட்பத்தின் முன் உள்ள சோதனை.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்தும் அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. என்.பி.டி.இ.எல். பாடங்களின் தமிழாக்கம், தமிழில் கிடைக்கும் ‘ஃபெட்’ உருவகங்கள் ஆகியவை நல்ல தொடக்கங்கள். ஆனால் மெய்நிகர் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. செய்முறையின் குறிப்பைப் புரிந்துகொள்ள முடியாத மாணவர் அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்வார்?

களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தில் பள்ளித் தொழில்நுட்பத்துக்கென்றே ‘கைட்’ என்னும் அரசு அமைப்பு இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, மலையாளத்தில், ஆசிரியர் பயிற்சியை முன்வைத்து அது வளர்ந்தது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கருவி, மொழி, ஆசிரியர் மூன்றையும் ஒரே அமைப்பு பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது என்பதே நாம் கற்க வேண்டியது.

8. முடிவு

இதுவரை எடைபோட்டவற்றிலிருந்து என் முடிவு இது. புதிய தொழில்நுட்பங்கள் செய்முறைக் கல்வியை வலுப்படுத்தும் ஆற்றல் உடையவை; இன்றைய மதிப்பீட்டு முறை தொடர்ந்தால் அதே தொழில்நுட்பங்கள் செய்முறையின் எஞ்சிய பகுதியையும் கரைத்துவிடும். எது நடக்கும் என்பதைக் கருவி விற்போர் தீர்மானிக்க விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டியவையாக நான்கைச் சொல்வேன். ஒன்று, செய்முறைத் தேர்வில் ‘சரியான’ விடைக்குத் தரும் மதிப்பெண்ணைக் குறைத்து, அளவீட்டின் பிழையெல்லையைக் கணித்து விளக்குவதற்கு மதிப்பெண் தர வேண்டும். 9.74 பெற்று அதன் பிழையெல்லையைச் சொன்ன மாணவர், காரணம் தெரியாமல் 9.8 எழுதியவரைவிட உயர்ந்தவர் என்று விதியே சொல்ல வேண்டும். இரண்டு, மெய்நிகர் ஆய்வகத்தை உண்மை ஆய்வகத்துக்கு முந்தைய நாள் பயிற்சியாக வைக்க வேண்டும். உண்மை ஆய்வகத்துக்கு மாற்றாக அதைக் காட்ட எந்தக் கல்லூரியையும் அனுமதிக்கக் கூடாது. மூன்று, மாவட்டத்தின் கல்லூரிகள் சேர்ந்து காற்று, மழை, கடல், மணல் பற்றிய பதிவுகளை மாணவர்களைக் கொண்டே எடுத்து, தமிழில் திறந்த தொகுப்பாக வைக்க வேண்டும். கடலைப் படிப்பது உயிர்காக்கும் வேலையும்கூட: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இம்மாவட்டத்து மீனவர்களைக் கடலில் பலிகொண்டது. கரையிலிருந்து எச்சரிக்கை அவர்களை எட்ட வழியில்லாதிருந்தது. செயற்கைக்கோள்வழிச் செய்திக் கருவிகளைப் பற்றி இங்குள்ள மின்னணுவியல் மாணவர் படிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. நான்கு, கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆசிரியரின் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும். புதிய செய்முறையை வடிவமைக்கும் ஆசிரியருக்கு வகுப்புச் சுமை குறைய வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை; ஒரு பாடத்திட்டக் குழுவின் துணிவு போதும். குமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் தன்னாட்சி பெற்றவை அதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். அவை தொடங்க வேண்டும்.